சிவப்பு மையும் கணினித் திரையும்

சென்ற ஆண்டு காய்ச்சலில் வாடிய என் அத்தாவை விக்கிரமங்கலத்திலிருந்து வெளியூர் மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். மருத்துவர் அன்பானவர், எனினும் அவர் பார்வை கணினித் திரையிலேயே நிலைத்திருந்தது. எல்லாக் கட்டங்களையும் நிரப்பினால்தான் அடுத்த பக்கம் திறக்குமாம். வெளியே நெடிய வரிசை.

செவிலியர் ஊசியுடன் வந்தபோது மருந்தின் பெயரைக் கேட்டேன். பென்சிலின்! பல்லாண்டுகளுக்கு முன் அதே மருந்தால் உடலெங்கும் தடித்து, மூச்சுத் திணறிய அத்தா உயிர் பிழைத்தது அல்லாஹ்வின் கிருபையன்றோ! பதறித் தடுத்தேன்.

"போன முறையே சொல்லியிருந்தோமே, டாக்டரம்மா!" என்றேன். அவர் தேடினார். நான்கு பக்கங்களுக்கு அப்பால், 'இதர குறிப்புகள்' என்னும் மூலையில் அச்செய்தி உறங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்த பழைய நோட்டின் அட்டையிலோ, முன்னொரு செவிலியர் அதனைச் சிவப்பு மையால் பெரிதாக எழுதி வைத்திருந்தார்! கணினி வந்துவிட்டதென்று அந்த நோட்டை நாங்கள் எடுத்துச் செல்லவில்லை.

கணினியைப் பழிப்பது என் நோக்கமன்று. நோட்டு கிழியும், தொலையும். நோயாளியின் இசைவோடு அவர்தம் மருத்துவக் குறிப்புகளை எங்கும் காண வகைசெய்யும் 14 இலக்க எண் திட்டத்தை மத்திய அரசு 2021 செப்டம்பரில் நாடெங்கும் தொடங்கியது. நன்றே. ஆயின், அக்குறிப்பு திறந்ததும் மருத்துவரின் கண்ணில் முதலில் படுவது எது?

பத்தாம் நூற்றாண்டின் மருத்துவ மேதை அர்ராஸீ நோயாளிகளிடம் கண்டவற்றைக் குறித்து வைத்தார். அன்னாரின் குறிப்புகளே மறைவுக்குப் பின் 'அல்ஹாவீ' எனும் பெருநூலாயின. 1968இல் அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட், நோயாளியின் பிரச்சினைகளை எண்ணிட்டு ஏட்டின் முகப்பிலேயே பட்டியலிட வேண்டுமென வலியுறுத்தினார். சிகிச்சைக்குத் துணைபுரியவே குறிப்பு என்பதை இருவரும் அறிந்திருந்தனர்.

மதரஸாவில் பிள்ளைகளின் வருகையை மட்டும் காட்டும் பதிவேடு நிர்வாகத்துக்குப் போதும். எந்தப் பாடத்தில் பிள்ளை தடுமாறுகிறான் என்று காட்டும் ஏடே உஸ்தாதுக்கு உதவும். மருத்துவமனைக் கணினியும் அவ்வாறே. ஒவ்வாத மருந்தின் பெயர் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நிற்கட்டும். அதனையே எழுதப் புகும்போது கணினி தடுக்கட்டும். அற்பத்துக்கெல்லாம் எச்சரித்தால் உண்மையான எச்சரிக்கையும் செவியேறாது. ஆகவே, திரையை வடிவமைப்போர் முதலில் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் அருகில் அமர்ந்து அவர்களின் வேலையைக் காணட்டும், கலந்தாலோசிக்கட்டும். மஷூரா நமக்குப் புதிதன்றே!

நமக்கும் கடமை உண்டு. ஒவ்வாத மருந்தின் பெயரை எழுதிப் பையில் வைத்திருங்கள். ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். உயிர் அல்லாஹ் தந்த அமானிதம். அதனைக் காக்கும் குறிப்பும் அமானிதமே. வல்ல நாயன் நம் அனைவருக்கும் பூரண சுகமளிப்பானாக! ஆமீன்.