மலையும் மன்றமும்

கள்ளக்குறிச்சி நகருக்கு மேற்கே, நீலத்திரை விரித்தாற்போல் நிற்பது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய இது, சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பகுதியாக வழங்கும். கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணையைப் பின்னே விட்டு மலைமேல் ஏறிச் சென்றால் வெள்ளிமலை என்னும் ஊர் வரும். சாமையும் மரவள்ளியும் விளையும் அந்நிலத்தில், மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் பல தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். பெயர் கேட்டு அவர்களைக் கேரள நாட்டினர் என்று எண்ணிவிடலாகாது. மலையில் வாழ்வோர் என்பதே அப்பெயர் தரும் பொருள். அவர்கள் பேசுவது தமிழே.

நம் நாடு 1947-இல் விடுதலை பெற்றது. அரசியலமைப்புச் சட்டம் 1950-இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கம் 1976 வரை நீடித்தது. சமவெளியில் பாய்ந்த சட்டம் என்னும் நீர், மலைமேல் ஏறக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று!

2006-இல் வனவுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. 2005 டிசம்பர் 13-ஆம் நாளுக்கு முன்னரே காட்டுநிலத்தைத் தம் கைவசம் வைத்து உழுதுவந்த பழங்குடியினர், நான்கு எக்டேர் வரை அந்நிலத்திற்கு உரிமை பெறலாம் என்பது அச்சட்டம் வகுத்த நெறி. ஆயின் உரிமை தானே நடந்து வந்து வீட்டு வாயிலில் நிற்பதில்லை. அதனை எழுதிக் கேட்கவும், சான்று காட்டவும், மறுத்தவிடத்து முறையிடவும் அறிந்தார் வேண்டும். அவர் மலையின் மொழியும் வழக்கமும் அறிந்தவராயின் எத்துணை நன்று! மலைப்பிள்ளைகள் சட்டம் பயில வேண்டுவதன் காரணம் இதுவேயாகும்.

மலைமேல் உள்ள உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில், பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். அவள் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர விரும்புகிறாள். பெங்களூரில் 1988-இல் வகுப்புகளைத் தொடங்கிய முதற் பள்ளியின் வழியில் பல மாநிலங்களில் இத்தகைய பல்கலைக்கழகங்கள் எழுந்தன. திருச்சிராப்பள்ளியில் உள்ளது 2013 முதல் கற்பித்து வருகிறது. அவற்றுள் மிகப்பல ஒரே தேர்வின் வழியாக மாணவரைச் சேர்க்கின்றன. 2008-இல் தொடங்கிய அத்தேர்வைக் கிளாட் என்பர்.

தேர்வுக்குரிய காலம் இரண்டு மணி; வினாக்கள் 120. எனவே ஒரு வினாவிற்கு ஒரு மணித்துளியே கிடைக்கும். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண் உண்டு. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறைக்கப்படும். அறியாததை அறிந்ததுபோல் எழுதுவோர்க்கு அது சிறு தண்டம். ஆங்கிலம், நாட்டு நடப்பு, சட்ட ஆராய்ச்சி, தருக்கம், கணிதம் என்பன ஐந்து பிரிவுகள்.

இவற்றுள் சட்ட ஆராய்ச்சி என்பதைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. முன்னரே சட்டம் கற்றிருத்தல் வேண்டும் என்பது அதன் நோக்கமன்று. ஒரு விதியைத் தந்து, ஒரு நிகழ்ச்சியையும் தந்து, அவ்விதி இங்கே எவ்வாறு பொருந்தும் என்று கேட்பர். ஒருவன் தன் ஆட்டை மேய்க்கும்படி மற்றொருவனிடம் ஒப்படைக்கிறான் என்று கொள்வோம். ஒப்படைத்த பொருளைத் தன் பொருளைப் போலவே பேணிக் காத்தல் வேண்டும் என்பது விதி. மேய்ப்பவன் தன் ஆடுகளை மேட்டில் கட்டிவிட்டு, பிறன் ஆட்டை மட்டும் ஓடைக்கரையில் விட்டான். வெள்ளம் அதனைக் கொண்டு போயிற்று. அவன் பொறுப்பாளியா? ஆம். தன் ஆடுகளையும் உடன் மேட்டில் கட்டியிருந்து, இடி விழுந்து எல்லாம் மாண்டிருப்பின்? அப்பொழுது விடை வேறாகும். மேய்ப்பவன் ஏழை என்னும் இரக்கமோ, ஆட்டுக்குரியவன் உறவினன் என்னும் பற்றோ அங்கே குறுக்கிடலாகாது. ஊர்ப் பஞ்சாயத்தில் பெரியோர் வழக்குத் தீர்ப்பதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது புதிய கலையன்று.

அவளுக்குத் தடையாவது வேறொன்று. அத்தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடைபெறுகிறது. நாற்பது ஐம்பது வரிகளை விரைந்து படித்துப் பொருளுணர வேண்டும். தமிழ்வழி பயின்ற பிள்ளை அறிவிற் குறைந்தவளல்லள். மொழியின் வாயிலிலேயே நேரத்தை இழப்பவள். இதற்கு மருந்து நாள்தோறும் ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்றைப் படித்து, அதன் கருத்தைத் தமிழில் எழுதிப் பார்த்தலே. கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பங்கள் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றன. அச்சிற்பி உளியை ஒரே நாளில் ஓங்கி அடித்து உருவம் காண்பதில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாகச் செதுக்கியே காண்கிறான். கல்வியும் அவ்வாறே.

விண்ணப்பித்தலும் ஒரு தேர்வே எனலாம். பழங்குடியினர்க்குக் கட்டணம் அண்மை ஆண்டுகளில் 3,500 ரூபாய். மரவள்ளிக் காட்டில் கூலி வேலை செய்யும் வீட்டுக்கு அது சிறு தொகையன்று. சாதிச் சான்றிதழும் முன்னரே பெற்றிருத்தல் வேண்டும். பழங்குடியினர்க்கு அதனைத் தமிழ்நாட்டில் வட்டாட்சியர் வழங்குவதில்லை. வருவாய்க் கோட்டாட்சியர் நிலையிலுள்ளோரே வழங்குவர். மலையாளி என்னும் பெயர் எந்தெந்த மாவட்டங்களில் பழங்குடிப் பட்டியலில் இடம்பெறும் என்பதையும் சட்டமே வரையறுத்துள்ளது. பழைய தென்னார்க்காடு அதனுள் ஒன்று. 2019-இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி அம்மாவட்டத்தின் பகுதியாக இருந்ததே. கடைசி நாளில் மலையிறங்கி அலுவலக வாயிலில் நிற்பவர் ஏமாற்றம் அடைவர். கோடை விடுமுறையிலேயே தொடங்குபவர் வெல்வர்.

இத்தகைய பிள்ளைகளுக்குக் கைகொடுக்கும் நல்லோரும் உளர். பேராசிரியர் ஷாம்நாத் பஷீர் 2010-இல் இடியா என்னும் அமைப்பைத் தொடங்கி, வறிய மாணவரைத் தேர்ந்து சட்டக் கல்விக்குப் பயிற்றுவிக்க வழிகண்டார்.

ஒரு தேர்வில் தவறினால் வாழ்வே தவறியது என்று எண்ணற்க. தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்பிற்கு நுழைவுத் தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோல். கள்ளக்குறிச்சிப் பிள்ளைகளுக்கு அண்மையில் விழுப்புரத்திலேயே அத்தகைய கல்லூரி 2017 முதல் இயங்கி வருகிறது.

திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாது மலையிற் பிறந்த மலையாளிப் பெண் ஸ்ரீபதி சட்டம் பயின்றார். குழந்தை பிறந்த சில நாட்களிலேயே சென்னை சென்று தேர்வெழுதி, 2024-இல், தம் இருபத்து மூன்றாம் வயதில் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வு பெற்றார். அம்மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையே தூரம் மிகுதியில்லை. ஒரே குடிமக்கள், ஒரே வாழ்வு. அங்கே முளைத்தது இங்கே முளையாதோ?

கோமுகி ஆறு மலையில் தோன்றிச் சமவெளிக்கு இறங்கி வயல்களை வாழ்விக்கிறது. இறங்கிய நீர் மீண்டும் மலைக்கு ஏறுவதில்லை. கல்வியோ அத்தகையதன்று. மலையிறங்கிச் சட்டம் கற்ற பிள்ளை, ஒருநாள் அதனைக் கையிலேந்தி மீண்டும் மலையேறுவாள். அவள் வருகைக்காக அம்மலை மக்கள் காத்திருக்கின்றனர்.