ஆஸ்லர் வீட்டுப் பிள்ளை

பெரியப்பாவின் கிளினிக்கில் காந்தி படத்துக்குப் பக்கத்தில் வில்லியம் ஆஸ்லர் படம் மாட்டியிருக்கும். அந்தத் தலைமுறை டாக்டர்களுக்கு அவர் குலதெய்வம். கடைசி நோயாளியும் போன பிறகு, கம்பவுண்டர் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்க, ஹார்வி குஷிங் எழுதிய ஆஸ்லர் வரலாற்றைப் பிரித்துப் பெரியப்பா கதை சொல்வார். எங்களுக்கோ ஆஸ்லரைவிட அவர் பிள்ளை ரெவர்தான் வேண்டும்.

ரெவருக்குப் பள்ளிப் படிப்பு ஓடாது. தூண்டிலைக் கொடுத்தால் நாள் முழுக்க ஆற்றங்கரையில் கிடப்பான். 1895 டிசம்பரில் பால்டிமோரில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் வளர்ந்தவன். மூத்த குழந்தை பிறந்த சில நாளிலேயே தவறிவிட்டதால் இவன்மேல் வீடே உயிரை வைத்திருந்தது. படம் வரைவான். மீன்பிடிப்பைப் பற்றி ஐசக் வால்டன் எழுதிய பழைய நூல் என்றால் அவனுக்குப் பித்து. காவிரிப் படித்துறையில் மண்புழு கோத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அவன் அசலூர்க்காரனாகவே தோன்றவில்லை.

யுத்தம் வந்தது. முதலில் மெக்கில் பல்கலைக்கழகத்தாரின் ராணுவ மருத்துவமனையில் வேலை. அங்கேயே இருந்திருக்கலாம். மனம் ஒப்பாமல் 1916-இல் பீரங்கிப் படைக்குப் போனான்.

1917 ஆகஸ்ட் 29, பெல்ஜியத்தில் ஈப்பர் அருகே. பீரங்கிகளை முன்னே நகர்த்தக் குண்டுப் பள்ளத்தின்மேல் பாலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரியின் குண்டு அவர்கள் நடுவிலேயே விழுந்தது. மார்பு, வயிறு, தொடை எங்கும் காயம். சேதி கேட்டு குஷிங் ராத்திரியோடு ராத்திரியாக ஓடி வந்தார். கிரைல், புரூவர், டாரக் என்று அமெரிக்காவின் பெரிய அறுவை மருத்துவர்களும் கூடிவிட்டார்கள். ரத்தம் ஏற்றினார்கள், வயிற்றைத் திறந்தார்கள். விடிகாலையில் உயிர் போய்விட்டது. வயது 21.

“அத்தனை டாக்டர் இருந்துமா, பெரியப்பா?” என்றாள் தங்கை.

“அப்ப பென்சிலின் ஏதும்மா? குடல் கிழிஞ்சு, அந்தச் சேறும் உள்ள போயிட்டா யார் வந்து என்ன பண்ண முடியும்?” என்றவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் வெகுநேரம் துடைத்தார். அந்தப் பக்கங்களை எழுதியவர் கட்டிலருகே நின்ற அதே குஷிங்தான் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

1919 டிசம்பரில் ஆஸ்லரும் போனார். ரெவர் ஆசையாகச் சேர்த்த புத்தகங்கள் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போயின. அவன் நினைவாக அங்கே ஒரு மன்றமும் அமைந்தது. மருத்துவத்துக்கு அல்ல, இலக்கியத்துக்கு. இதைப் பெரியப்பா ஒவ்வொரு முறையும் அழுத்திச் சொல்வார்.