சுண்ணாம்பு மட்டை

தைத்திருநாள் அணுகியதும் ஊரப்பாக்கம் முதலிய செங்கற்பட்டுச் சிற்றூர்களில் வீடுகளுக்கு வெள்ளையடிப்பது பண்டுதொட்டு வந்த வழக்கமாகும். இக்காலத்தில் வண்ணப்பூச்சும் உருளையும் மிகுந்துவிட்டன. முன்னாளில் அப்பணிக்கு உதவியது சுண்ணாம்பு மட்டையே. பனைமட்டைத் துண்டொன்றை நீரில் ஊறவைத்து, அதன் நுனியைக் கல்லின்மேல் இட்டு நையத் தட்டுவர். சதை உதிர்ந்து நார் குஞ்சமாக விரியும். எஞ்சிய தண்டே கைப்பிடியாகும்.

ஓவியன் கையிலுள்ள துகிலிகையை உலகம் போற்றும். இத்தொண்டைநாட்டை 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் ‘சித்திரகாரப்புலி’ என்றே பெயர் பெற்றான். ஆயினும் மென்மயிரால் ஆகிய துகிலிகையைச் சுண்ணாம்பில் தோய்த்தால், அதன் காரம் மயிரை அரித்துவிடும். பனைநாரோ அக்காரத்தைத் தாங்கி உழைக்கும். மட்டையால் பூசிய சுண்ணாம்பு முதலில் நீர்போல் தோன்றும். உலர உலரக் காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று, வெண்மையுற்று இறுகும்.

மட்டையை அறுப்பதால் பனை மடிவதில்லை. மரத்தையே வீழ்த்தினால் மட்டைக்கு எங்கே போவது? மாநில மரமாகிய பனையை வெட்டுதற்கு மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என்று 2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. ஆணை காப்பது ஒருபுறம் இருக்க, அம்மரத்தின் பயனறிந்து போற்றுதல் ஊராரின் கடமையன்றோ?