பொதிக்குக் கீழே ஓர் ஆள்

“கல்யாணமுங்களா?”

டீயை ஆற்றிக்கொண்டே கடைக்காரர் கேட்டார். செவ்வாய்க்கிழமை, காலை ஆறரை மணி. ஈரோடு பன்னீர்செல்வம் பூங்கா அருகே, கனி மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் நின்றிருந்தோம். எங்கள் கறுப்புப் பெட்டி அவருக்குப் பழக்கமானது. இந்தப் பக்கத்தில் டிரோன் என்றால் பாதிப் பேருக்குப் புரியாது. ‘ஹெலிகேம்’ என்றால் குழந்தைக்கும் தெரியும். மாப்பிள்ளை அழைப்பின்போது தலைக்குமேல் ரீங்கரிக்கிற சாமான்.

“இல்லீங்கண்ணா, தெருவ எடுக்கறோமுங்க” என்றார் பைலட்.

“தெருவயா? அதுல என்னத்த இருக்குது?”

அதைத்தான் பார்க்க வந்திருந்தோம். சந்தை நாளில் இந்தத் தெருவை யார், எதற்கு, எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு கட்டடக்கலைக் கல்லூரிக்காக, நான் உடன் வந்திருந்த இந்தக் குழு படமெடுக்கிறது. ஜவுளிச் சந்தை திங்கள் இரவே கூடிவிடும். கேமராவுக்கு வெளிச்சம் வேண்டுமே, அதனால் செவ்வாய் விடியற்காலை.

பைலட் பவானிக்காரர். பன்னிரண்டு வருடம் கல்யாண வீடியோ எடுத்தவர். பிறகு பயிற்சி முடித்து, டிரோன் ஓட்டும் சான்றிதழும் வாங்கிவிட்டார். கல்யாணத்தில் டிரோன் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். மண்டபத்தைச் சுற்றி வந்து, தோரணத்துக்குள் நுழைந்து, மணமக்கள் முகத்தில் போய் நிற்க வேண்டும். இங்கே நேர்மாறு. அறுபது மீட்டர் உயரத்தில், கேமரா செங்குத்தாகக் கீழே பார்க்க, இருபது நிமிடம் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். “ஒண்ணும் பண்ணாம இருக்கறதுதானுங்க சார் இதுல கஷ்டம். விரலு துறுதுறுங்கும்” என்றார்.

ஈரோட்டில் விமான நிலையம் இல்லாதது அவருக்குச் சௌகரியம். 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கவிடலாம். ஆனாலும் காவல் நிலையத்தில் கொடுத்த கடிதத்தின் நகலைச் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தார்.

நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடிக்கு ஏறினோம். கூட வந்த பையனுக்கு ஒரே வேலை: வானத்தைப் பார்ப்பது. பருந்து வட்டமிட்டால் குரல் கொடுக்க வேண்டும். ஒருமுறை பருந்து ஒன்று இறக்கையைக் கிழித்துப்போட்டதாம். பருந்தின் இறக்கையையா, டிரோனின் இறக்கையையா என்று கேட்டேன். “ரெண்டையுந்தானுங்க” என்றான்.

டிரோன் எழும்பியதும் திரையில் தெரு விரிந்தது. குறுக்கே சுமார் தொண்ணூறு மீட்டர் அகலத்துக்குத் தெரிந்தது. அந்த உயரத்திலிருந்து மனிதர் என்றால் ஒரு தலை, இரண்டு தோள், ஒரு நிழல், அவ்வளவுதான். தோளின் அகலம் படத்தில் இருபது புள்ளிக்குமேல் வராது. முகம் கிடையாது. காலையில் நிழல் நீளமாக விழுவதால் ஆளைப் பிடிப்பது எளிது. உச்சிவேளையில் நிழல் காலடிக்குள் சுருங்கிவிட்டால் ஆளையும் குப்பைக்கூடையையும் பிரித்தறிவது பெரும்பாடு.

திரையில் முதலில் நகர்ந்தவை நீலத் தார்ப்பாய்கள். சத்தம் கேட்டதும் ஓரத்துக் கடைக்காரர்கள் ஒவ்வொருவராகத் துணியைச் சுருட்டி உள்ளே இழுக்கத் தொடங்கினார்கள். பைலட் எதுவும் சொல்லாமல் டிரோனை இறக்கிவிட்டுக் கீழே போனார். நானும் போனேன். நைட்டி விற்கிற அம்மா ஒருவர் அவரை மறித்தார்: “ஏங்கண்ணு, கடைய எடுக்கச் சொல்லப்போறாங்களா?”

கணக்கெடுப்பு முடியும்வரை தெரு வியாபாரி யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் தெருவில் ‘கணக்கெடுப்பு’ என்ற சொல் காதில் விழும் விதமே வேறு. பைலட் திரையைக் காட்டி, இதில் உங்கள் முகமே தெரியாது என்று அரைமணி நேரம் விளக்கினார். அந்த அம்மா திரையில் தன் குடையை அடையாளம் கண்டுபிடித்தார். “அப்ப நான் எங்க?” என்றார். குடைக்கு அடியில் என்றார் பைலட். முதல் சுற்றுப் படத்தை அழித்துவிட்டார்கள். பயந்து சுருண்ட தெருவை அளந்து என்ன பயன்?

உயரத்திலிருந்து தெருவைப் பார்க்கும் ஆசை டிரோனுக்கு முந்தியது. வில்லியம் வைட் என்ற அமெரிக்கர் 1970களில் நியூயார்க்கில் கேமராவைப் பொருத்திவைத்து, மக்கள் எங்கே உட்காருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று படமெடுத்தார். பேச நிற்பவர்கள் ஓரமாக ஒதுங்குவார்கள் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆட்கள் நடமாடும் நட்டநடுவில்தான் நிற்கிறார்கள் என்று அவர் கண்டார். சென்னையில் 2014இல் சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தின் போக்குவரத்தைப் பக்கத்து உயர்ந்த கட்டடத்தில் கேமரா வைத்துப் பதிவு செய்தார்கள். 2018இல் ஏதென்ஸ் நகரத்தின் மையத்தில் பத்து டிரோன்களை ஒரே நேரத்தில் நிறுத்தி வண்டிகளின் தடங்களை எடுத்தார்கள். அங்கும் பேட்டரி மாற்றும் நேரம் பதிவில் இடைவெளிதான். எங்கள் பையனும் பேட்டரிகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று டேப் ஒட்டி வைத்திருந்தான்.

இவையெல்லாம் வருவதற்கு முன்பு, தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தாளில் கோடு கிழிப்பதுதான் சர்வே. நானும் கல்லூரி நாளில் கிழித்திருக்கிறேன். நான்கு நேர்க்கோடு, ஐந்தாவதைக் குறுக்கே. எல்லா வண்டியையும் காராக மாற்றிக் கணக்குப் போடுவார்கள். இந்திய சாலைக் காங்கிரசின் 1990ஆம் ஆண்டுக் கையேடு ஒன்றில் பைக் அரைக் கார், சைக்கிளும் அரைக் கார், கைவண்டி மூன்று கார், பெரிய மாட்டுவண்டி எட்டுக் கார். நடந்துபோகிற ஆளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. பொதி தூக்குகிறவருக்கு எங்கிருந்து வரும்?

மூன்று சுற்று முடித்து, பெருந்துறை ரோட்டில் மாடியறை ஒன்றில் இருக்கும் குழுவின் அலுவலகத்துக்கு மதியம் போனோம். உண்மையான தொழில் அங்கேதான் நடக்கிறது என்பது என் எண்ணம். இருபது நிமிடப் படம் என்றால் 36,000 சட்டகங்கள். கம்ப்யூட்டரே ஆட்களைக் கண்டுபிடித்து எண் போட்டுத் தடம் வரைந்துவிடும். ஆனால் வேறெங்கோ, வேறு தெருக்களின் படங்களைப் பார்த்துப் பழகிய கம்ப்யூட்டர் அது. இந்தச் சந்தையில் தடுமாறுகிறது. திருத்துவதற்கு ஒரு பெண் இருக்கிறார், பி.எஸ்சி. முடித்துவிட்டு ஒரு வருடமாக இதே வேலை. ‘பாக்ஸ் போடறது’ என்கிறார்.

அவர் காட்டிய துண்டுப் படத்தில் ஒரு வெள்ளைப் பொதி தெருவில் தானாக ஊர்ந்து வந்தது. தலையில் அத்தனை பெரிய ஜவுளி மூட்டை. அடியில் இருப்பவரின் தோள்கூடத் தெரியவில்லை. கம்ப்யூட்டர் அதற்கு 212 என்று எண் கொடுத்து, வகை என்ற இடத்தில் ‘கார்’ என்று போட்டிருந்தது. 212 தார்ப்பாய்க்குள் நுழைந்து, ஓரத்தில் இறங்கி நின்றுவிட்டது. சற்று நேரத்தில் இன்னொரு முனையிலிருந்து 240 என்று ஒரு புது ஆள் வெளியே வந்தார்.

“ரெண்டும் ஒரே ஆளுங்க” என்று இரண்டு எண்களையும் இணைத்தார்.

“எப்படிம்மா தெரியும்?”

“பொதி இருக்கறப்ப நேரா வர்றாருங்க, மத்தவங்கதான் ஒதுங்கோணும். எறக்கிட்டா அவரு எல்லாருக்கும் ஒதுங்கிப் போவாரு. படம் ஆரம்பத்துலருந்து பாத்துட்டு வர்றனுங்க, இவரு பதினோரு நடை வந்துட்டாரு.”

குடைகளுக்கும் அவர் பாக்ஸ் போட்டிருந்தார். தலை தெரிந்தால் மட்டும் போடு என்பது அவர்களுக்குக் கொடுத்திருக்கும் விதி. “குடை தானா விரிஞ்சு நிக்குமுங்களா?” என்றார்.

பிறகு எல்லாத் தடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக் காட்டினார். நூற்றுக்கணக்கான நூல்கள். டீக்கடைக்கு எதிரே மட்டும் ஓரிடத்தில் எல்லா நூலும் வளைந்து, நடுவில் வெற்றிடம் விட்டுப் போயிருந்தன.

“இங்க என்ன? மின்கம்பமா?” என்று கேட்டேன்.

அந்த நேரத்துப் படத்தை ஓடவிட்டார். இரண்டு தலைகள். ஒன்றின் கையில் டீ டம்ளர்.

“நீங்களும் டீக்கடைக்கார அண்ணாவுமுங்க” என்றார். “நாலு நிமிசம். பாருங்க, 212கூட சுத்தித்தான் போறாரு.”