பாதி மூடிய கார்

ஆபிங்டன் பாலத்தைத் தாண்டித் தெற்கே இறங்கினால் தேம்ஸ் ஓரமாக ஒரு கார் நிறுத்தம் இருக்கிறது. சனிக்கிழமை முற்பகல். மே மாதம் பிறந்துவிட்டதாகக் காலண்டர் சொல்கிறது, காற்று ஒப்புக்கொள்ளவில்லை. ஆற்றின் அக்கரையில் செயின்ட் ஹெலன்ஸ் தேவாலயத்தின் ஊசிக்கோபுரம். அதற்குப் பின்னால் மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வேடிக்கை பார்க்க அதைவிடச் சௌகரியம் வேறென்ன?

கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் அந்த வண்டி வந்து சேர்ந்தது. இப்போதைய கார்களின் முனகல் இல்லை, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசுகிற குரல். வெளிர்நீல எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார். கறுப்புப் பலகையில் வெள்ளி எழுத்தாக எண், கடைசி எழுத்து பி. அப்படியானால் 1964-ல் பதிவான வண்டி. கதவுப்பிடியும் அதற்குச் சாட்சி சொன்னது. இழுத்துத் திறக்கிற பழைய மாதிரி அது. 1965-ல் அதை எடுத்துவிட்டு, அழுத்துகிற பட்டன் வைத்தார்கள். கூரை இல்லை. அதாவது இருக்கிறது, டிக்கிக்குள் இருக்கிறது.

ஓட்டி வந்தவர் எழுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி. ஒட்ட வெட்டிய நரைமுடி, முழங்கையில் ஒட்டுப்போட்ட கம்பளிச் சட்டை. பக்கத்தில் பத்துப் பதினொரு வயதுப் பையன். பாட்டி என்று கூப்பிட்டதால் பேரன் என்று தெரிந்தது. காது இரண்டும் சிவந்துபோயிருந்தன அவனுக்கு. இறங்கியதும் இருவரும் ஒரே சமயத்தில் வானத்தைப் பார்த்தார்கள். பையன் பாட்டியைப் பார்த்தான். பாட்டி டிக்கியைத் திறந்தார்.

கூரையை மாட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அதற்கான சாமான்கள் உள்ளே கிடந்ததும் தெரிந்தது. அந்தக் காலத்து எம்ஜிபிக்கு இரண்டு விதக் கூரை உண்டு. ஒன்று, மடித்துப் பின்னால் தள்ளிவிடக்கூடியது. அதற்குக் கூடுதல் காசு. மற்றது மொத்தமாகக் கழற்றி எடுத்துவைப்பது. துணி தனி, இரும்புச் சட்டம் தனி, சட்டமே இரண்டு துண்டு. நடுரோட்டில் மழை பிடித்துக்கொண்டால் இதையெல்லாம் எடுத்துக் கோத்து, துணியை விரித்து, இழுத்து மாட்டி முடிப்பதற்குள் மழையே நின்றுவிடும். கம்பெனிக்காரர்களுக்கும் இது தெரியாமலா இருந்திருக்கும்? அதனால்தான் விருப்ப உபகரணங்களின் பட்டியலில் டொனோ கவர் என்று ஒன்றை வைத்தார்கள். அன்றைய பட்டியலில் ஹீட்டருக்கும் தனியாகத்தான் காசு, இங்கிலாந்தின் குளிரில்!

பாட்டி வெளியே எடுத்தது அந்தக் கவரைத்தான். கறுப்பு ரெக்ஸின், அடியில் துணி ஒட்டியது. நான்காக மடித்திருந்ததைப் பையனிடம் ஒரு முனையைக் கொடுத்து விரித்தார். உட்காருகிற இடம் முழுவதையும், முன்கண்ணாடிக்கு அடியிலிருந்து டிக்கி விளிம்புவரை, தோள் உயரத்தில் மூடுகிற ஒரே விரிப்பு அது. நடுவே முன்னிருந்து பின்னாக ஓடும் பித்தளை ஜிப். வலப்பக்கம் ஸ்டியரிங்குக்கென்று தனியாகத் தைத்த பை, யானையின் நெற்றிபோலப் புடைத்துக்கொண்டு. கதவுக் கண்ணாடிகளை முழுக்க இறக்கினார். இருக்கைகளுக்குப் பின்னால் குறுக்காக ஒரு குழாய்க் கம்பியைச் செருகினார். கவர் தொய்ந்து தொட்டி ஆகாமல் தாங்குவதற்கு அது.

பிறகு பின்பக்கத்தில், நட்டநடுவில் இருக்கிற கொக்கியில் ஆரம்பித்தார். ஓரத்திலிருந்து தொடங்குகிறவர்கள் மறு ஓரத்துக்கு வரும்போது ஒரு விரல்கடை போதாமல் தவிப்பார்கள். நடுவில் தொடங்கி இடம் ஒன்று வலம் ஒன்று என்று போனால் இழுவிசை சமமாகப் பிரியும். பாட்டியின் கட்டைவிரல் பார்க்காமலே போய் ஒவ்வொரு முளையையும் தேடிக்கொண்டது. டக். டக். ஆற்றோரத்து வாத்துகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

முன்பக்கம் பையனின் பொறுப்பு. அங்கேதான் சிக்கல். டிக்கிக்குள் குளிர்ந்து கிடந்த ரெக்ஸின் விறைத்துப்போய், தன் அளவில் கொஞ்சத்தைத் தர மறுக்கும். வெயிலில் அரைமணி விரித்துப் போட்டால் இளகிக் கொடுக்கும். இங்கே வெயிலுக்கு எங்கே போவது? பையன் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தான். முளை இந்தப் பக்கம், ஓட்டை அந்தப் பக்கம். பாட்டி சுற்றி வந்தார். ஜிப்பை ஒரு சாண் திறந்து இறுக்கத்தைத் தளர்த்தினார். முளை ஏறியது. ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு கொக்கி கோணலாக உட்கார்ந்துவிட்டது. பையன் அதைக் கழற்றப் பார்த்தான். இந்தக் கொக்கிகளின் சூட்சுமம் எட்ட நின்று பார்ப்பவனுக்குத் தெரியாது. காரின் உடம்பில் ஒரு சிறு முளை, கவரில் அதைக் கவ்வும் உலோக வாய். அந்த வாய்க்கு நான்கு பக்கம். மூன்று பக்கம் எவ்வளவு இழுத்தாலும் விடாது. நான்காவது பக்கத்தில் குண்டூசித்தலை அளவுக்கு ஒரு புள்ளி புடைத்திருக்கும். அந்தப் பக்கத்தை நகத்தால் தூக்கினால் உடனே விட்டுவிடும். எவ்வளவு வேகமான காற்று பிடுங்கினாலும் கழன்று பறக்காமல் இருப்பது இதனால்தான். டிச் பட்டனாக இருந்தால் எந்தப் பக்கம் இழுத்தாலும் வந்துவிடும். பையன் புள்ளி இல்லாத பக்கத்தை இழுத்தான். முகம் சிவக்க இழுத்தான். பாட்டி அவன் சுட்டுவிரலைப் பிடித்து, கொக்கியின்மேல் மெதுவாக நகர்த்தி, புள்ளி தட்டுப்பட்ட இடத்தில் நிறுத்தினார். கண்ணால் தேடாதே என்று சொல்லிக்கொடுக்கிற முறை அது. இருட்டில், கொட்டும் மழையில், கையுறை போட்ட கையோடு கழற்ற வேண்டி வரலாம் அல்லவா?

கடைசியில் நடு ஜிப். காதுவரை இழுத்து மூடியபோது வண்டி வேறு ஒன்றாகிவிட்டது. திறந்த வாய் போய், ஒரே நீளக் கோடு. தள்ளி நின்று ஒரு சுற்று பார்த்துவிட்டு, பேரனின் தோளில் கைபோட்டுக்கொண்டு பாலத்துப் பக்கம் நடந்தார்.

இப்போது வண்டியும் நானும்.

இந்த ஊருக்கு இந்த வண்டி விருந்தாளி இல்லை, வீட்டுப்பிள்ளை. 1929-ல் எம்ஜி கம்பெனி ஆக்ஸ்போர்டிலிருந்து இங்கே, ஒரு தோல் தொழிற்சாலையின் பழைய கட்டடத்துக்குக் குடிவந்தது. 1962-லிருந்து 1980 வரை இந்த மாதிரியில் ஐந்து லட்சத்துக்கும் மேல் இங்கிருந்து வெளியே போயின. பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்கா போனது. 1980 அக்டோபரில் கதவைச் சாத்திவிட்டார்கள். கடைசியாக உருண்டு வந்த வெண்கல நிற எம்ஜிபி, சந்தைச் சதுக்கத்திலுள்ள பதினேழாம் நூற்றாண்டுக் கட்டடமான கவுண்டி ஹால் மியூசியத்தில் நிற்கிறது. 2011-ல் பாரந்தூக்கி வைத்து முதல் மாடி ஜன்னல் வழியாக அதை உள்ளே ஏற்றினார்கள். இனி அதன்மேல் ஒரு சொட்டு விழப்போவதில்லை. பாக்கியமா தண்டனையா என்பது அவரவர் மனசைப் பொறுத்தது. எனக்கு நனைகிற வண்டிதான் பிடிக்கிறது.

மழை வந்தது. பெரிய மழை இல்லை, ஊசித்தூறல். பக்கத்து வரிசையில் ஒரு மஸ்தா எம்எக்ஸ்-5. உள்ளே இருந்த இளைஞன் எழுந்திருக்கவே இல்லை. கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கூரையை இழுத்தான், இரண்டு கொக்கியைத் தட்டினான், தீர்ந்தது. 1989-ல் அந்தக் கார் வந்தபோது பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் குணத்தை எடுத்துக்கொண்டு அதன் தொல்லைகளை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். சரிதான். அந்த இளைஞன் கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு, உள்ளேயிருந்தபடி நீலக் காரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கவரின்மேல் துளிகள் முதலில் முத்து முத்தாக நின்றன. பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து சரிவு தேடி ஓடின. குறுக்குக் கம்பி இருக்கும் இடத்திலிருந்து பின்னால் ஓடியது நல்ல தண்ணீர். முன்பக்கம், பயணி இருக்கைக்கு மேலே, ஒரு உள்ளங்கைக் குளம் தேங்கியது. ஜிப் ஓரமாக இரண்டொரு சொட்டு உள்ளே போயிருக்கும். அதைத் தடுக்க முடியாது. நிற்கிற வண்டியின் இருக்கையைத் தூறலிலிருந்தும் வெயிலிலிருந்தும் பறவை எச்சத்திலிருந்தும் காப்பாற்றும், அவ்வளவுதான் இதன் உத்தரவாதம். பூட்டு கிடையாது. திருட நினைக்கிறவனுக்கு ஒரு பேனாக்கத்தி போதும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் கத்தியை எடுப்பவன் கொஞ்சம் யோசிப்பான்.

நாயோடு வந்த ஒருவர் நின்றார். ஸ்டியரிங் புடைப்பைத் தொட்டுப் பார்த்தார். யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு கொக்கியை ரகசியமாகக் கழற்றி மாட்டினார். புள்ளி இருக்கும் பக்கத்தைத்தான் தூக்கினார். சொந்தமாக ஒன்று வைத்திருந்து விற்றவராக இருக்க வேண்டும், அந்த விரலுக்குப் பழக்கம் இருந்தது. நாய் இழுக்க, போய்விட்டார்.

தூறல் ஓய்ந்த கையோடு பாட்டியும் பேரனும் திரும்பி வந்தார்கள். கூடவே ஒரு நடுவயதுப் பெண். பையனின் அம்மாவாகத்தான் இருக்கும். சிவப்பு ஹாட்ச்பேக் ஒன்றின் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தாள். பையன் ஓடிவந்து ஜிப்பில் கைவைத்தான். பாட்டி அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டார். குளத்தைக் காட்டினார். ஜிப்பைத் திறந்திருந்தால் அத்தனையும் இருக்கையின் மடியில் கொட்டியிருக்கும். டிக்கியிலிருந்து பழைய பஞ்சுத்துணியை எடுத்து ஒற்றிப் பிழிந்து, மறுபடி ஒற்றினார். அதற்குப் பிறகுதான் ஜிப், அதுவும் இருக்கைவரை மட்டும். அதிலும் தன் பக்கத்தை மட்டும் விடுவித்தார்.

நான் காத்திருந்த காட்சி இதுதான். ஓட்டுநர் பக்கத்துப் பாதியைக் கொக்கிகளிலிருந்து விடுவித்து, பின்னால் மடித்து, காற்றில் படபடக்காதபடி இருக்கைக்குப் பின்னே செருகினார். பயணி பக்கத்துப் பாதி மாட்டியது மாட்டியபடி இருந்தது. பேரன் அம்மாவோடு போகிறான், பாட்டி தனியாகத் திரும்புகிறார். தனியாக ஓட்டும்போது இப்படிப் பாதி மூடிக்கொண்டு போவதற்குக் காரணம் இருக்கிறது. திறந்த காரில் காற்று முன்னாலிருந்து அடிக்கிறது என்று நினைப்போம். முன்கண்ணாடிக்கு மேலே தாண்டிப் போகிற காற்று, பின்னால் சரிந்து சுருண்டு, திரும்பி வந்து பிடரியில்தான் அறைகிறது. பக்கத்துக் குழியை மூடிவிட்டால் அந்தச் சுருளுக்கு இடம் குறைகிறது. ஹீட்டரின் சூடும் கவருக்கு அடியிலேயே தங்கிக் கால்களைச் சுற்றிக்கொள்ளும். இடுப்புக்குக் கீழே கோடை, கழுத்துக்கு மேலே மார்கழி. இந்த அனுபவத்துக்காகவே கூரை போடாதவர்கள் இருக்கிறார்கள். தூறினாலும் கவலையில்லை, ஓடுகிற வேகத்தில் துளிகள் கண்ணாடிக்கு மேலேயே தாண்டிவிடும். சிக்னலில் நிற்கும்போதுதான் நனையவேண்டும்.

இதற்கு முந்திய எம்ஜிஏ-வில் கூத்து இன்னும் பெரிது. வெளியே கதவுப்பிடியே கிடையாது. கவரின் ஓரத்தைத் தூக்கி, கையை உள்ளே விட்டு, கதவுக்குள் ஒளிந்திருக்கும் கயிற்றை இழுக்க வேண்டும். அதை நினைத்தால் இந்த அம்மாள் வசதியாகத்தான் வாழ்கிறார்.

பாட்டி உட்கார்ந்தார், பெல்ட்டை மாட்டினார், எஞ்சின் செருமியது. வண்டி இரண்டு கஜம் நகர்ந்திருக்கும். பையன் சட்டைப்பையைத் தட்டினான், கால்சட்டைப்பையைத் தட்டினான், பிறகு வீறிட்டான். போன் உள்ளே. அவனுடைய இருக்கையில், மூடிய பாதிக்குக் கீழே.

வண்டி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் வந்த குழாய்க்காரரின் வெள்ளை வேனும் நின்றது. பையன் ஓடிவந்து கதவோரத்துக் கொக்கியைப் பிடித்து இழுத்தான். அதே தப்பான பக்கம். பாட்டி அண்ணாந்து மேகத்தைப் பார்த்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே இடக்கையை மூடிய பாதிக்கு அடியில் விட்டார். முழங்கை போனது, தோள்பட்டை போனது, கன்னம் ரெக்ஸினில் பதிந்தது. எட்டவில்லை. போன் இருக்கைக்கும் கதவுக்கும் நடுவே விழுந்திருக்க வேண்டும்.

“அதை விட்டுடு, மிச்ச ஜிப்பை இழு” என்றார். அன்று அவர் உரக்கப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

பையன் இழுத்தான். பித்தளை ஜிப் முக்கால் வழி வந்து, ஈரத் துணியின் விளிம்பைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை. அம்மா வந்து இழுத்தாள். வேன்காரர் ஹாரன் அடிப்பார் என்று பார்த்தேன். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டே வந்தார். ஜிப்பைக் குனிந்து பார்த்தார். “மெழுகுவத்தி இருக்கா?” என்று கேட்டார். எம்எக்ஸ்-5-இன் கதவும் திறந்தது.