அபர்வான் மலைச்சரிவிலே

கார்டிவ் நகரிற் கல்வி பயின்ற காலத்தில், வார இறுதியில் என்னைத் தம் வீட்டிற் பேணிய வேல்ஸ் குடும்பத்தினர், ஒரு சனிக்கிழமை தம் காரிலே நிலக்கரிப் பள்ளத்தாக்குகளுக்கு அழைத்துச் சென்றனர். "புல் மூடிய இக்குன்றுகளிற் சில இயற்கை தந்தவையல்ல, சுரங்கக் கழிவாய் எழுந்தவை" என்றார், சுரங்கத் தொழிலாளியின் மகனான வீட்டுத் தலைவர்.

அபர்வான் கிராமத்திற் காரை நிறுத்தினார். 1966 ஒக்டோபர் 21 காலை, ஊற்றின்மேற் குவிக்கப்பட்ட ஏழாம் இலக்கக் கழிவுக்குன்று சரிந்து, அங்கிருந்த ஆரம்பப் பாடசாலையையும் அண்டை வீடுகளையும் புதைத்தது. மாண்டோர் 144 பேர்; அவருள் 116 பேர் குழந்தைகள். ஆபத்தை ஊரார் முன்பே எடுத்துரைத்திருந்தனர், கேட்பாரில்லை. எஞ்சிய குன்றுகளை அகற்றும் செலவுக்கு, மக்கள் மனமிரங்கி அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 150,000 பவுண் பெறப்பட்டது. 1997இலேதான் அரசு அதனைத் திருப்பிக் கொடுத்தது.

ஊருக்கு மேலேயுள்ள மயானத்தில், வெண்ணிற வளைவுகளின் முன் வீட்டுத் தலைவி பேச்சற்று நின்றார். என் நெஞ்சிலோ கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டம் எழுந்தது. 2014 ஒக்டோபர் 29இல் அங்கும் மலை சரிந்து தொழிலாளர் லயன்களைப் புதைத்தது. அங்கும் எச்சரிக்கை முன்பே இருந்தது.

நிலக்கரியும் தேயிலையும் கடல் கடந்து பொன்னாயின. மண் மட்டும் உழைத்தவர் தலைமீது விழுந்தது. மழை இயற்கையின் செயல். ஆபத்தை அறிந்தும் மக்களை அதன் கீழே விட்டுவைத்தது மனிதரின் செயல்.