குசினிக் கானும் கீழ்வீட்டு ஆச்சியும்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் நாம் குடியிருக்கிறோம். சென்ற தீபாவளிக்கு முந்திய மாலை முறுக்குச் சுட்டு முடித்து, எஞ்சிய எண்ணெயைப் பேசினில் கவிழ்த்துவிட்டு ஆறுதலாக அமர்ந்திருந்தோம். கீழ்வீட்டு ஆச்சி மூச்சிரைக்கப் படியேறி வந்தார். அவருடைய குசினிக் கான் வழியே அழுக்குநீர் பொங்கி, நிலத்திலிருந்த அரிசிச் சாக்கையும் நனைத்துவிட்டதாம். "மேல்வீட்டு முறுக்கு வாசம் கீழே வந்திட்டுது பிள்ளையள்" என்று சிரித்தார். கோபித்திருந்தாலாவது எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

குழாய் திருத்துபவர் வந்து, மதிலோரம் கிடந்த சீமெந்து மூடியைப் புரட்டினார். அப்படியொரு தொட்டி இருப்பதே எம்மில் எவருக்கும் தெரியாது. உள்ளே ஒரு சாண் தடிப்பில் கொழுப்பு. "இது இன்றைய எண்ணெயில்லை ஐயா, பல வருடத்து எண்ணெய்" என்றவர் முழங்கை வரை கையை விட்டார். எமக்குத் தலை நிமிரவில்லை.

'கிறீஸ் ட்ராப்' என்னும் அத்தொட்டியின் சூட்சுமம் மிக எளியது. விரைந்தோடும் நீர் எண்ணெயையும் பருக்கையையும் அள்ளிச் செல்லும். தடுப்புப் பலகையில் மோதி வேகமடங்கித் தேங்கினால், பருக்கை அடியிற் படியும். நீரிலும் இலேசான எண்ணெய் மேலே மிதக்கும். வெளிச்செல்லும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே தாழ்ந்திருப்பதால், இடைநீர் மட்டுமே வெளியேறும்.

தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழேதான் உறையும். நுவரெலியாவிற் போத்தலில் இறுகுவது கொழும்பு வெக்கையில் இறுகாது. ஆகவே இங்கே தொட்டி சிறிதாயிருந்தால் எண்ணெய் பிரிய நேரமின்றித் தப்பியோடிவிடும். தப்பிய கொழுப்போ குழாயினுள்ளே கல்சியத்தோடு கூடிச் சவர்க்காரம்போல் இறுகும். 2017இல் இலண்டன் வைட்சப்பல் பகுதியின் நிலத்தடிக் கானை அடைத்திருந்த கொழுப்புப் பாறை 250 மீற்றர் நீளம், 130 தொன் நிறை!

கொட்டாஞ்சேனையிற் சாப்பாட்டுக் கடை நடத்தும் எமது மைத்துனர் இவ்விடயத்தில் எமக்குக் குரு. திங்கள்தோறும் மூடியைத் திறந்து தடியால் ஆழம் பார்ப்பார். மிதக்கும் கொழுப்பும் அடிமண்டியும் சேர்ந்து நீராழத்தின் காற்பங்கை எட்டுமுன்னரே அள்ளிவிடுவார். அள்ளியதைத் தெருக் கானில் ஊற்றமாட்டார், மூடிய வாளியில் அப்புறப்படுத்துவார். கோப்பைகளைக் கழுவுமுன் தாளால் துடைக்கச் சொல்வார். (பழைய ஞாயிற்றுப் பத்திரிகையும் இதற்கு உதவும், ஆசிரியர் பொறுத்தருள்க.) கொதிநீரும் சவர்க்காரமும் ஊற்றினால் அடைப்புத் தீருமென்று நாம் நம்பியிருந்தோம். அது கொழுப்பை உருக்கி, தொட்டியைத் தாண்டி அடுத்த வீட்டுக் குழாய்க்கு அனுப்பும் வேலையாம். கையுறையின்றித் தொடுதல் கூடாது. பெரிய தொட்டிகளிலோ தலையை நுழைக்கவே கூடாது. அழுகிய கழிவிலிருந்து எழும் நச்சுவாயு ஆளையே வீழ்த்திவிடும்.

ஆச்சிக்கு அரிசி வாங்கிக் கொடுத்தோம். வேண்டாமென்று மறுத்து, பின் வாங்கிக்கொண்டார். இப்போது எமது வீட்டில் எண்ணெய் ஆறியதும் பழைய ரின்னுக்குள் போகிறது. மாதத்தின் முதல் ஞாயிறு மூடி திறப்பது எமது முறை. ஆச்சி வாசலில் நின்றபடியே, "தடியிலே எவ்வளவு?" என்று கேட்பார்.